கப்பல் நேரம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்தக் கூட்டத்துல போய் இடிபட வேணாம். கப்பலைக் கரையில கட்டிட்டாங்கதான், ஆனா இறங்க விடுறதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். மெக்சிகோக்காரங்க வந்து பேப்பர் பார்க்கணும், கையெழுத்துப் போடணும், அப்புறம்தான் மைக்ல சொல்லுவாங்க. எனக்குத் தெரியும். இது எனக்கு மூணாவது தடவை. இதே கப்பல், இதே கோசுமெல் தீவு, இதே ஆகஸ்டு மாசம்.

நீயும் உக்காரும்மா. காப்பி வேணுமா? அந்த மிஷின்ல வர்றது காப்பி இல்ல, கலர் போட்ட சுடுதண்ணி. டீத்தூள் நான் கொண்டு வந்திருக்கேன். அப்புறம் தர்றேன்.

தமிழ்ல பேசிக்கிட்டு வந்தீங்களா, காதுல விழுந்துது, அதான் கூப்பிட்டேன். முதல் தடவைதானே? பார்த்தாலே தெரியுது. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாழைப்பழத்தைப் பையில போடுறதைப் பார்த்தேன். எடுத்து வச்சிடுங்க. கப்பல்லேர்ந்து ஒரு பழம் கரைக்குப் போகக் கூடாது. துறைமுக கேட்டுல நாய் நிக்கும், பார்க்க சாதுவா இருக்கும், உங்க பைகிட்ட வந்து உக்காந்துடுச்சுன்னா முடிஞ்சுது கதை. எல்லாத்தையும் கொட்டிக் காட்டணும். போன வருஷம் ஒரு அம்மா தயிர்சாதம் கட்டிட்டு வந்து, வரிசை முழுக்கப் பார்க்க அதைக் குப்பையில போட்டாங்க.

என் பேரு வையாபுரி. துறையூர். பஸ் ஸ்டாண்டுல முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பர். விசில், நோட்டு, சுவத்துல ஒரு கடிகாரம், அவ்வளவுதான் நம்ம ராஜ்யம். ஆனா தம்பி, அந்தக் கடிகாரத்தை நம்பி ஊரே நடந்துது. எனக்கு முன்னாடி இருந்தவரு கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கு ஓடி வர்றாரு, வாத்தியாரு ஓடி வர்றாருன்னு ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைப்பாரு. நான் வந்த பிறகு அதெல்லாம் கிடையாது. என் சொந்த மாமனாருக்கு வண்டியை நிறுத்தல. அவரு அன்னிக்கு நாமக்கல் வரைக்கும் லாரியில போனாரு. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, சொல்றேன் கேளுங்க. ஓடி வர்றவங்க மூஞ்சியப் பார்க்கக் கூடாது. பார்த்தா விசில் வாயில நிக்காது. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே ஊதிடணும்.

சரி, இறங்கின உடனே டாக்ஸிக்காரங்க மொய்ச்சுக்குவாங்க. ஏறுறதுக்கு முன்னாடி தலைக்கா, வண்டிக்கான்னு கேட்டுடுங்க. பத்து டாலர்னு சொல்லி ஏத்திட்டு, இறங்கறப்ப தலைக்குப் பத்துன்னு சொல்லுவான். கடையில என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேளுங்க, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நடங்க, அவனே பின்னாடி வருவான். வெள்ளின்னு சொல்றதெல்லாம் வெள்ளி இல்ல. ஐஸ் போட்டு எதையும் குடிக்காதீங்க. சைவம்தான் சாப்பிடுவேன்னு சொன்னா தலையாட்டிட்டு மொச்சை மாதிரி ஒரு பயறைக் கொண்டு வந்து வைப்பான், அந்தப் பயறைப் பன்னிக் கொழுப்புல வதக்கியிருப்பான். கேட்டுச் சாப்பிடணும். இதெல்லாம் கம்ப்யூட்டர்ல எவனும் எழுத மாட்டான்.

இந்த இடுப்புப் பையைப் பார்க்கறீங்களா? இதான் எல்லாத்தையும் விட முக்கியம். பாஸ்போர்ட்டு, கப்பல் கார்டு, போன், பணம், சுகர் மாத்திரை, எல்லாம் ஒரே இடத்துல. குளிக்கறப்ப மட்டும்தான் கழட்டுவேன், அப்பவும் கண்ணுக்கு எதிர்லதான் தொங்கும். காசி போனாலும் சரி, திருப்பதி போனாலும் சரி, எங்க குடும்பத்துல எல்லாரோட டிக்கெட்டும் என்கிட்டதான். ஆளுக்கு ஒண்ணு கையில வச்சிருந்தா ஆளுக்கு ஒரு பக்கம் தொலைப்பாங்க. ஒருத்தர் கையில இருந்தா ஒண்ணும் தொலையாது.

உங்க வீட்டம்மா கார்டை எங்க வச்சிருக்கீங்க தம்பி? உங்க சட்டைப் பாக்கெட்லயா? சபாஷ். அப்படித்தான் இருக்கணும். பொம்பளைங்க கையில கொடுத்தா கைக்குட்டையோட சேர்த்து எங்கயாவது விட்டுடுவாங்க. நீ கோவிச்சுக்காதம்மா, பொதுவாச் சொல்றேன்.

எங்க வீட்லயா? ம். வந்திருந்தா, முதல் தடவை. ரெண்டு வருஷம் ஆச்சு.

எங்க பொண்ணு தேன்மொழி ஃப்ளோரிடாவுல, டாம்பாங்கற ஊர்ல இருக்கா. அவதான் டிக்கெட் போட்டா. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், அம்மாவுக்குக் கடல்னா உயிர், கூட்டிட்டுப் போங்கப்பான்னா. கடல்னா உயிர்னு அவ சொல்லித்தான் எனக்கே தெரியும். துறையூர்ல ஏது கடல்? கல்யாணமாகி ஒரே ஒரு தடவை வேளாங்கண்ணி போனோம். கால் நனைச்சா, நனைச்சதும் கரைக்கு வர மாட்டேங்கறா. திருச்சி வண்டி நாலு இருபதுக்கு. நான் விசில் ஊதித்தான் கூப்பிட்டேன், சும்மா விளையாட்டுக்கு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அவளும் வந்துட்டா. அதுக்கப்புறம் கடலைப் பத்திப் பேச்சே எடுக்கல, அதனால நான் மறந்துட்டான்னு நெனச்சேன்.

கப்பல்ல வந்தாளே, ரெண்டு நாளும் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதுதான். சாப்பிடக் கூப்பிட்டாலும் பசிக்கலம்பா. காசு கொடுத்த சாப்பாடு தம்பி, எட்டு வகை, பத்து வகை. அவ தண்ணியப் பார்த்துக்கிட்டு நிப்பா. காத்துல சேலை பறக்குது, இழுத்துச் சொருகுன்னு நான்தான் ஞாபகப்படுத்தணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இதை நல்லாக் கேட்டுக்கங்க, இதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டதே. உங்க போன்ல இப்ப மணி என்ன? எட்டு அஞ்சா? தப்பு. ஒன்பது அஞ்சு. கரைக்குப் பக்கத்துல வந்த உடனே போன் தானா மெக்சிகோ நேரத்துக்கு மாறிக்கும். கோடையில நாம கப்பல் ஏறின ஃப்ளோரிடாவை விட இந்த ஊரு ஒரு மணி நேரம் பின்னாடி. ஆனா கப்பல் மாறாது. கப்பலுக்குக் கப்பல் நேரம்தான். மூணரைக்குள்ள ஏறணும்னு சீட்டுல போட்டிருக்கானே, அது கப்பல் மணி மூணரை. கரையில ரெண்டரை. மூணு அம்பதுக்கெல்லாம் கயிறை அவுத்துடுவான். எத்தனையோ பேரு இதுல ஏமாந்து கப்பல் கட்டுற பாலத்துல நின்னு அழுதிருக்காங்க. சில கப்பல்ல மேல் தட்டுல கூடி நின்னு, ஓடி வர்றவங்களைப் பார்த்துக் கை தட்டுவாங்க. சீட்டியடிப்பாங்க. அது ஒரு வேடிக்கை இவங்களுக்கு.

எங்களுக்கு அன்னிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன், யாரும் சொல்லல. காலையில கப்பல் கட்டின உடனே போனைப் பார்த்தேன், ஒரு மணி நேரம் பின்னாடி காட்டுது. முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பர், சும்மா இருப்பேனா? எந்த ஊருக்குப் போறமோ அந்த ஊரு நேரத்துக்கு முதல்ல கடிகாரத்தை மாத்தணும். என் வாட்சை மாத்தினேன். கையை நீட்டுடின்னு சொல்லி அவ வாட்சையும் நானே திருகி மாத்தினேன். சின்ன வாட்சு, தங்கக் கலர், ரிடையர்டு ஆனப்ப எனக்கு வந்த பணத்துல வாங்கிக் கொடுத்தது. எதுக்குங்க எனக்குன்னு அப்பவும் கேட்டா.

இறங்கி நடந்தோம். டாக்ஸி எதுக்கு, கால் மணி நேரம் நடந்தா மணல் வந்துடும். ஒரு தென்னங்கூரை போட்டிருக்கும், அதுக்குக் கீழ ஒரு பெஞ்சு. உக்காந்தா. நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கடை பார்த்தேன். பதினொரு மணிக்கு மேல எனக்கு வயித்தை என்னமோ பண்ணிச்சு. முந்தின நாள் சாப்பிட்ட ஏதோ ஒண்ணு. வெளியில கக்கூஸ் போகணும்னா ஒரு டாலர் கேக்கறான். சாப்பாடும் அப்படித்தான், கப்பல்ல சும்மா கிடைக்கறப்ப எவனாவது வெளியில போய்ச் சாப்பிடுவானா? கிளம்புடி, கப்பலுக்குப் போயிட்டு வருவோம்னேன்.

நான் வரலங்கன்னுட்டா.

முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவை. நீங்க போயிட்டு வாங்க, நான் கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்திருக்கேன்னா. மூஞ்சியைக்கூடத் திருப்பல, கடலைப் பார்த்துக்கிட்டே சொல்றா. ஏன்டி, மொழி தெரியாத ஊருன்னேன். கடலுக்கு மொழி எதுக்குன்னா. யாரு சொல்லிக் கொடுத்தாங்களோ இந்தப் பேச்சை. எனக்குச் சுருக்குன்னு இருந்துது தம்பி. வயித்துக் கடுப்பு வேற. சரி, மூணு மணிக்கு கேட்டுக்கு வந்துடு, நான் உன் கார்டோட நிப்பேன், ஒரு நிமிஷம் பிந்தக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

கார்டை அவகிட்ட கொடுத்திருக்கலாமேன்னு தேன்மொழியும் இதேதான் கேட்டா. இப்ப உன் மூஞ்சியிலயும் அதேதான் தெரியுதும்மா. கடலோரம் தனியா உக்காந்திருக்கறவகிட்ட கார்டை எப்படிக் கொடுக்கறது? போன் அவளுக்கு ஆபரேட் பண்ணத் தெரியாது. பணம் கொடுத்தா கண்டவன் ஏமாத்துவான். எல்லாம் அவ நல்லதுக்குத்தான்.

கப்பலுக்கு வந்து, ஒதுங்கிட்டு, குளிச்சிட்டுச் சாப்பிட உக்காந்தேன். பரிமாறுறவரு ஒரு மலையாளி, கொஞ்சம் தமிழ் பேசுவாரு. என் கையைப் பார்த்துட்டு, சாரே, உங்க வாட்சு ஒரு மணி நேரம் பின்னாடி ஓடுது, இங்க கப்பல் நேரந்தான் கணக்கு, இப்ப ஒண்ணரைன்னாரு. திக்குன்னு ஆச்சு. நல்ல வேளை, அவரு மட்டும் சொல்லலன்னா நானும் மாட்டியிருப்பேன். உடனே மாத்திட்டேன்.

அவ வாட்சா? ஞாபகம் வராம இருக்குமா தம்பி? வந்துது. சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கறப்ப வந்துது. அவ மூணுக்கு வந்தா கப்பலுக்கு நாலு.

வெயில்னா அப்படி ஒரு வெயில். கால் மணி நேரம் போக, கால் மணி நேரம் வர. இப்பத்தான் குளிச்சிருக்கேன். அங்க போயி நிப்பேன், அவ நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டா, வரலங்கம்பா. சுத்தி இத்தனை பேரு இருக்காங்க, கப்பல்காரங்களே எத்தனை பேரு கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டுத் திரியறாங்க, எவங்கிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சுக்குவான்னு நெனச்சேன். அப்புறம், உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, கொஞ்சம் அலையட்டும்னும் தோணிச்சு. ஒரு நாள் நானில்லாம அலைஞ்சாத்தான் நம்ம அருமை தெரியும். அது எல்லா வீட்லயும் தோணுறதுதானே? ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ரெண்டே முக்காலுக்கு கேட்டுக்குப் போயிட்டேன். கப்பல் மணி ரெண்டே முக்கால். நான் டைம் தவறினவன் இல்ல. ஒரு கையில அவ கார்டு, ஒரு கையில குடை. மூணு ஆச்சு. மூணு பத்து ஆச்சு. ஆளுங்க சிவந்த தோளோட பை பையாத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டே இருக்காங்க. அரக்குக் கலர் சேலை ஒண்ணு தூரத்துல தெரியுதான்னு பார்த்துக்கிட்டே நின்னேன். மூணு இருபத்தஞ்சுக்கு அந்த கேட்டுக்காரன் கடைசியா வாங்க வாங்கன்னு கையைக் காட்டினான். நான் ஏறிட்டேன். பின்ன, ரெண்டு பேரும் பிந்தி என்ன பிரயோஜனம்?

மைக்ல அவ பேரைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. குமுதவல்லி வையாபுரி. குமுதவல்லி வையாபுரி. சாப்பிடற இடம், நீச்சல் குளம், லிப்டு, எல்லா இடத்துலயும் கேக்குது. நான் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது தம்பி. இந்தாடிம்பேன், இல்லன்னா விசிலைப் போல ஒரு சத்தம் கொடுப்பேன், வந்துடுவா. இவ்வளவு பெரிய பேருன்னு அன்னிக்குத்தான் தோணிச்சு. மூணு தடவை கூப்பிட்டாங்க.

வெள்ளை டிரெஸ் போட்ட ஆபீசர் ஒருத்தரு, அந்த மலையாளியைக் கூட்டிக்கிட்டு என்கிட்ட வந்தாரு. உங்க மனைவி இன்னும் வரல, கப்பல் நிக்காது, அவங்க பாஸ்போர்ட்டைக் கொடுங்க, துறைமுகத்துல எங்க ஏஜெண்டுகிட்ட கொடுத்துட்டுப் போறோம், அவங்களை அவரு பார்த்துக்குவாருன்னாரு. யாரோ ஏஜெண்டு, பேரு தெரியாது, ஊரு தெரியாது, அவன் கையில எங்க வீட்டுப் பாஸ்போர்ட்டையா? முடியாதுன்னுட்டேன். சார், இது வழக்கமா செய்யறதுதான்னு அந்த மலையாளி கெஞ்சறாரு. பாஸ்போர்ட்டு என் பையை விட்டு வெளியில போகாதுன்னுட்டேன். சரி, அப்ப நீங்க இறங்கி அவங்ககூட இருந்துக்கறீங்களா, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குன்னாரு ஆபீசரு.

நான் எதுக்குத் தம்பி இறங்கணும்? நான் டைமுக்கு வந்தவன். டைமுக்கு வந்தவனையும் பிந்தி வந்தவளையும் ஒண்ணா நிறுத்தினா அப்புறம் டைமுக்கு என்ன மரியாதை?

என்னம்மா? ஒண்ணுமில்லையா? சரி.

மேல் தட்டுக்குப் போய்க் கம்பிகிட்ட நின்னேன். அங்க நின்னா கேட்டு தெரியும். கயிறை அவுத்தாச்சு, கப்பல் பாலத்தை விட்டு ஒரு ஆள் அகலம் தள்ளியிருக்கும். வந்தா. ஓடி வரல, விறுவிறுன்னு நடந்து வந்தா, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு. கேட்டுக்காரன் மறிச்சுட்டான். கார்டு இல்லையே. அவனோட என்னமோ கையாட்டிப் பேசறா. அப்புறம் நிமிர்ந்து பார்த்தா. என்னைப் பார்த்துட்டா. அவ்வளவு உசரத்துல, அத்தனை தலைக்கு நடுவுல என்னை எப்படிக் கண்டுபிடிச்சாளோ தெரியல.

கையைத் தூக்கிக் காட்டினா. வாட்சு கட்டின கை. இன்னொரு கை விரலால வாட்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டறா. மூணாகறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு, நான் பிந்தலங்கறா. அப்பவும் எதிர்வாதம் பாருங்க.

நான் என் வாட்சைத் தொட்டுக் காட்டினேன்.

சுத்தி நின்னவங்கள்லாம் கை தட்டறாங்க, சீட்டியடிக்கறாங்க, யாருன்னு தெரியாமலே. அவ கையைக் கீழ போட்டுட்டா. நான் சொன்னேன்ல, மூஞ்சியப் பார்க்கக் கூடாதுன்னு. அந்தத் தூரத்துல மூஞ்சி சரியாத் தெரியாதுதான். ஆனா பார்த்துட்டேன் தம்பி. அழுவான்னு நெனச்சேன். அழல. எதையோ கணக்குப் போட்டு முடிச்ச மாதிரி ஒரு முகம். அப்புறம் திரும்பி, வந்த வழியே நடந்து போயிட்டா. செருப்பைப் போட்டுக்கக்கூட இல்ல.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க யாரும் அவளைப் பார்க்கல.

தேன்மொழி மறுநாளே ப்ளேன் பிடிச்சு வந்துட்டா. போலீசு, ஆஸ்பத்திரி, எம்பசி, எல்லாம் அலைஞ்சா. நான் டாம்பாவுல இறங்கி, ரெண்டு நாள் கழிச்சு வந்து சேர்ந்தேன். அந்த பெஞ்சுக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை மாங்கா விக்கும். மாங்காயைக் கீறி, மிளகாப் பொடி தூவி, எலுமிச்சை பிழிஞ்சு கொடுக்கும், அப்படியே நம்ம ஊரு மாதிரி. அந்தப் பொம்பளை சொல்லிச்சாம், சேலை கட்டின அம்மா மத்தியானம் பூரா என்கூடத்தான் உக்காந்திருந்தாங்க, கையை விரிச்சுப் பணம் இல்லன்னாங்க, நான் சும்மா கொடுத்தேன், அவங்க எனக்கு மாங்கா கீறிக் கொடுத்தாங்க, ரெண்டு பேரும் என்னென்னமோ பேசினோம், ஒண்ணும் புரியல, ஆனா அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்கன்னு.

நான் போலீஸ்கிட்ட, அது வேற யாரோ, அதை எழுதாதீங்கன்னேன். எங்க வீட்ல விழுந்து விழுந்து சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. தேன்மொழி என்னையே பார்த்தா. அப்பா, அம்மா சிரிப்பாங்கப்பா, நீங்க டூட்டிக்குப் போன பிறகு நானும் அம்மாவும் சிரிக்காத நாளே இல்லப்பான்னா. எனக்குத் தெரியாம என்ன சிரிப்பு? அவ அம்மா போன வருத்தத்துல என்னமோ பேசறான்னு விட்டுட்டேன்.

அப்புறம் அந்த மாங்காக்காரி ஒரு வாட்சை எடுத்து நீட்டிச்சு. சாயங்காலம் கப்பல் போன பிறகு அந்த அம்மா திரும்பி வந்து, இந்தா நீயே வச்சுக்கன்னு கழட்டிக் கொடுத்துட்டு, செருப்பை பெஞ்சுக்குக் கீழ விட்டுட்டு, தண்ணி ஓரமாவே அந்தப் பக்கமா நடந்து போனாங்க, இருட்டற வரைக்கும் சேலை தெரிஞ்சுதுன்னு சொல்லிச்சு. அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்னு போலீசு கேட்டாங்க. தெற்குப் பக்கம். அங்க வீடு கிடையாது, கடை கிடையாது, பாறையும் கடலும்தான். ஆறு நாள் தேடினாங்க. படகு வச்சுத் தேடினாங்க. ஒண்ணும் கிடைக்கல. கிடைக்கலங்கறது நல்லதா கெட்டதான்னு யாருக்கும் சொல்லத் தெரியல.

தேன்மொழி இப்ப என்கூடப் பேசறதில்ல. கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டா. அம்மா வாட்சை மாத்தினது யாருப்பான்னு கேட்டா. நான்தான்னேன். உண்மையை மறைக்கற பழக்கம் எனக்கில்ல. அதுக்கு ஏன் அவ அப்படிக் கதவைச் சாத்திக்கணும்? இப்ப ஆர்லாண்டோவுல என் அண்ணன் மகன் வீட்ல தங்கி, அங்கேர்ந்துதான் வர்றேன்.

இதோ பாருங்க, அந்த வாட்சு. இன்னும் ஓடுது. சாவி கொடுக்க வேண்டியதில்ல, பேட்டரிதான், போன மாசம் புதுசு போட்டேன். நேரத்தை மட்டும் மாத்தல. அன்னிக்கு நான் வச்ச கரை நேரம்தான் ஓடுது. இப்ப எட்டு நாப்பது. ஒரு செகண்டு தப்பில்ல.

எதுக்கு வர்றேன்னு கேக்கறீங்களா? என்ன கேள்வி தம்பி இது? அவ கார்டு என்கிட்டல்ல இருக்கு. பாஸ்போர்ட்டு என்கிட்டல்ல இருக்கு. இது இல்லாம அவ எந்த கேட்டுல நுழைய முடியும்? எந்தப் ப்ளேன்ல ஏற முடியும்? கோவம் தணிஞ்சு ஒரு நாள் கேட்டுக்கு வந்து நிப்பா. அப்ப நான் இல்லன்னா என்ன ஆகும்? அதான் வருஷா வருஷம் இதே நாளு, அவ கார்டை எடுத்துக்கிட்டு கேட்டுல போய் நிக்கறேன்.

பயமா இருக்கு தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. காலையில இந்தக் கரை தெரிய ஆரம்பிச்சதிலேர்ந்து பையைத் திறந்து அவ கார்டு இருக்கான்னு பத்துத் தடவை பார்த்துட்டேன். வந்து நிப்பாளோன்னு ஒரு பயம். நிக்க மாட்டாளோன்னு ஒரு பயம். போன வருஷம் தூரத்துல அரக்குக் கலர்ல ஒரு துணி ஆடிச்சு. கிட்ட வந்து பார்த்தா யாரோ ஒரு வெள்ளைக்காரி, துண்டைத் தோள்ல போட்டிருந்தா. அவளைப் பார்த்து அழுதுட்டேன். அவ பயந்துக்கிட்டு ஒதுங்கிப் போனா.

மைக்ல சொல்றாங்க பாருங்க. இறங்கலாம்னுதான் சொல்றாங்க. நீங்க போங்க, போயி நல்லாச் சுத்திப் பாருங்க. கப்பல் மணி மூணரை, மறந்துடாதீங்க. நான் மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தான் இறங்குவேன். ரெண்டே முக்காலுக்கு கேட்டுல இருப்பேன். வழக்கம்போல மூணு இருபத்தஞ்சு வரைக்கும் நிப்பேன்.

என்னம்மா கேக்கறே? புரியல, சத்தமாச் சொல்லு.

அவ வாட்சுக்கு மூணு மணின்னா... ஆமா. கப்பல் மணி நாலு. ஆமா. அவகிட்ட மூணுக்குத்தான் வரச் சொன்னேன். அன்னிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்தா, சொன்னேனே.

அந்த நேரத்துக்கு நான் கேட்டுல நின்னதே இல்லையான்னா கேக்கறே? ஒரு வருஷம்கூட நிக்கலையான்னா?

அதெப்படிம்மா நிக்க முடியும்? கப்பல் போயிடும்ல? மூணு இருபத்தஞ்சுக்கு மேல ஒரு நிமிஷம் நின்னாலும் என்னை விட்டுட்டுப் போயிடுவான்ல? நான் பிந்தி ஏறினவன்னு ஒருத்தன் சொல்லக் கூடாதும்மா. முப்பத்தொரு வருஷம்...

ஏம்மா, அவர் பாக்கெட்லேர்ந்து எதை எடுக்கறே? உன் கார்டா? பாஸ்போர்ட்டையுமா கேக்கறே? எதுக்கும்மா இப்ப? தம்பி, நீங்களாவது சொல்லுங்க. இதோ பாரும்மா, கொஞ்சம் நில்லு, சொல்றதைக் கேளு. அவர்கிட்டயே இருக்கட்டும்மா. பத்திரமா இருக்கும்.